வட்டம் சார் வாங்கிய அறை

கரும்பலகையில் வெறும் கையாலேயே வட்டம் போடுவார். தோளை அச்சாக வைத்துக் கையை ஒரே வீச்சில் சுழற்றினால், தொடங்கிய இடத்திலேயே சாக்பீஸ் வந்து நிற்கும். அதனால் வட்டம் சார். எந்த வருடத்துப் பிள்ளைகள் வைத்த பெயரோ தெரியாது. சக ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். தானுண்டு, தன் கணக்குண்டு என்று இருந்தவர். அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் மனைவி, வெளியூரில் படிக்கும் மகள், மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் யாருடனும் சண்டையில்லை, யாருடனும் ஒட்டுமில்லை. ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. கூட்டம் என்றால் வயிற்றுவலி வந்துவிடும் அவருக்கு.

"சங்கத்துல என்ன சார் பண்றாங்க? டீ குடிக்கிறாங்க, பிஸ்கட் திங்கிறாங்க, கோஷம் போடுறாங்க" என்பார். சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அதே பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. கடைத்தெருவுக்குப் போகும்போதுகூடக் கழுத்தில் தொங்கும் விசிலைக் கழற்ற மறந்துவிடுவார். விசில் டீச்சர் காதில் வட்டம் சாரின் இந்தப் பேச்சு விழுந்தபோது, "பிஸ்கட் நல்லாத்தான் இருக்கும், ஒரு நாள் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மாடியில் கோடி வகுப்பறையில் வட்டம் சார் தொடுகோட்டுக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். முந்தைய வாரத் தேர்வில் ஒரு பெண் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதியிருந்தாள். தப்பான விடையைக்கூட அப்படியே எழுதியிருந்ததால் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முந்தின நாள் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "காப்பி அடிக்கிறதுன்னா சரியா இருக்கிற ஆளைப் பாத்து அடிக்கணும்மா" என்றார். வகுப்பு சிரித்தது. மறுபடி எழுதச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் வீட்டில் போய் என்ன சொன்னாளோ.

அவளுடைய அப்பா மரக்கடைக்காரர். பலகையும் சட்டமும் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். வாசலில் கேட்க ஆளில்லை. மாடிப்படி ஏறினார், நேராக வகுப்புக்குள் வந்தார்.

"எம்பொண்ணைப் பாத்து எல்லாரையும் சிரிக்க வச்சியாமே?"

"உக்காருங்க, பேசலாம்" என்று சொல்ல வட்டம் சார் திரும்பினார். 'உக்' என்பதோடு சரி. இடது கன்னத்திலும் காதிலும் சேர்த்து அறை விழுந்தது. கண்ணாடி பறந்து முதல் பெஞ்சின் அடியில் போய் விழுந்தது. மரக்கடைக்காரரே ஒரு கணம் தன் கையைப் பார்த்தார். பிறகு, "இனிமே பாத்துப் பேசு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

வட்டம் சார் குனிந்து கண்ணாடியை எடுத்தார். ஒரு கால் உடைந்திருந்தது. அதை ஒற்றைக் காதில் மாட்டி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"மூணாவது கணக்கு" என்றார்.

மணி அடிக்கும்வரை நடத்தினார். நடத்தியதில் பிழையேதும் இல்லை. கடைசி பெஞ்சில் அந்தப் பெண் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

ஆசிரியர் அறையில் அவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன பொறுமை சார் உங்களுக்கு! நானா இருந்தா அங்கயே ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன்" என்றார் ஒருவர். "படிச்ச மனுஷனுக்கு அதான் அழகு" என்றார் இன்னொருவர். வட்டம் சார் டீயை ஆற்றிக் குடித்தார். பொறுமை என்று அவர்கள் சொல்வது எதை என்று அவருக்குப் புரியவில்லை. கோபம் வந்து அதை அடக்கினால்தானே பொறுமை? அவருக்கு எதுவுமே வரவில்லை. குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருவதைப் போல இருந்தது. இடது காதில் மட்டும் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியரைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் 'சமாதானம்' என்றுதான் சொல்வார்கள். எதற்கும் "சமாதானமா போயிடலாமே" என்பது அவர் வழக்கம். கூரை ஒழுகினாலும், மேகத்தோடு சமாதானம் பேசிவிட்டு வரலாம் என்று நினைக்கக்கூடியவர். மறுநாளே மரக்கடைக்காரரை வரவழைத்தார். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். டீ வந்தது.

"அவரும் பெத்த அப்பன். பாசத்துல கை நீண்டிருச்சு. நீங்களும் பொண்ணை ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டீங்க. விஷயம் வெளிய போனா பள்ளிக்கூடத்துப் பேர்தானே கெடும்? பொறுத்தார் பூமி ஆள்வார். ஒரு கையைக் குடுத்து முடிச்சுக்கலாமே?"

மரக்கடைக்காரர் கையை நீட்டினார். நேற்று நீண்ட அதே கை. வட்டம் சார் அதைப் பிடித்தார். சொரசொரப்பாக இருந்தது. "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்" என்றார் சமாதானம்.

"நானும் அப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்றார் வட்டம் சார்.

வெளியே வந்தபோது மைதானத்திலிருந்து வியர்வை வழிய விசில் டீச்சர் ஓடிவந்தார். "உள்ள என்ன நடந்துச்சு?"

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

"என்ன முடிஞ்சுச்சு?"

"சாரி சொல்லிட்டேன்."

"அடி வாங்கினது நீங்க. சாரியும் நீங்களா?" என்றார் விசில் டீச்சர். வட்டம் சார் நடக்க ஆரம்பித்தார். அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

வீட்டிலும் சொல்லவில்லை. கண்ணாடி கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றார். பொய்யும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மனைவிக்கு அஞ்சலகக் கவுன்டரில் சேதி வந்தது. தபால்தலை வாங்க வந்த ஒரு பெண், "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு? பாவம், பிள்ளைங்க முன்னாடி..." என்று ஆரம்பித்தார். மனைவி தபால்தலையைக் கிழித்துக் கொடுத்தார், மீதிச் சில்லறையைக் கொடுத்தார், அடுத்தவரை வரச் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"எங்கிட்டக்கூட சொல்லக் கூடாதா?"

"சொல்ல என்ன இருக்கு?"

"அடிச்சிருக்கான்!"

"ஆமா."

"வலிக்கலையா உங்களுக்கு?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "காதுலதான் கொஞ்சம் சத்தமா இருக்கு" என்றார்.

அதன்பிறகு வந்த வாரங்களில் வட்டம் சார் ஒழுங்காக வேலைக்குப் போனார். தாள் திருத்தினார். பல் தேய்த்தார். மனைவி வைத்ததைச் சாப்பிட்டார். உப்பு போட மறந்த நாளிலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்த மனைவி, பிறகு தான் ஒரு வாய் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மகள் தொலைபேசியில் அழுதாள். "அழாதம்மா, பரீட்சை வருதுல்ல" என்றார். ரயில் நிலைய அறிவிப்புக் குரலைப் போல இருந்தது அவர் குரல். மாடிப்படியில் யாராவது வேகமாக ஏறும் சத்தம் கேட்டால் மட்டும் அவர் கை நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த எண் பாதியில் நிற்கும். காலடி கடந்து போனதும் மீதியை எழுதுவார். பிள்ளைகள் இதைக் கவனித்திருந்தார்கள். மாடியில் ஓடுவதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

காதிலிருந்து தலையணையில் ஈரம் பட ஆரம்பித்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

பிறகு ஒருநாள், வட்டம் போடுவதற்காகக் கரும்பலகையைப் பார்த்து நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். கை தூக்கியபடி இருந்தது. போடவும் இல்லை, திரும்பவும் இல்லை. முதலில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வகுப்புத் தலைவி சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, மைதானத்துக்கு ஓடினாள்.

விசில் டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். "சார்."

"ம்."

"கையைக் கீழ போடுங்க."

போட்டார்.

"வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

"வகுப்பு இருக்கே."

"வகுப்பு எங்கயும் ஓடிடாது. வாங்க."

காது மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். செவிப்பறை கிழிந்திருந்தது. தண்ணீர் போய்ச் சீழ் பிடித்திருந்தது. "இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். வட்டம் சார், "பாடம் நடத்திட்டிருந்தேன்" என்றார். மருத்துவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காதுக்கு மருந்து எழுதினார். ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். நீண்ட ஓய்வு வேண்டும் என்றார்.

பள்ளி அலுவலகத்தில் அதை வேறு மாதிரி முடிக்கப் பார்த்தார்கள். வழக்கமான நோய் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். காது எப்படிக் கிழிந்தது என்ற இடத்தில், வீட்டில் வழுக்கி விழுந்ததாகப் போட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் சுலபம்.

விசில் டீச்சர் சமாதானத்தின் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம் சார். இவர் காதை எதுல மறைப்பீங்க? வேலை செய்யிற இடத்துல, வேலை செய்யும்போது, வேலை காரணமா பட்ட காயம் இது. மெஷின்ல கை போனா என்னவோ அதேதான்."

"பள்ளிக்கூடமும் ஃபேக்டரியும் ஒண்ணா டீச்சர்?"

"ஃபேக்டரியில வாசல்ல ஒரு ஆளாவது நிக்கிறாரு."

சமாதானம் பழமொழியைத் தேடினார். "பொறுத்தார்..."

"பூமியை நாங்க ஆள வேணாம் சார். அந்த மாடிப்படியை ஆண்டாப் போதும்."

அன்றைக்குச் சாயங்காலம் ஓவிய வகுப்பறையில் சங்கக் கூட்டம் நடந்தது. வட்டம் சாரை அவர் மனைவி அழைத்துவந்தார். அவருக்கு வயிற்றுவலி வரவில்லை. வருவதற்கு உள்ளே ஆள் இருந்தால்தானே. பிள்ளைகள் வரைந்த யானைப் படத்தின் கீழே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிஸ்கட் வந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

விசில் டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வட்டம் சாருக்கு நடந்த மாதிரி இங்க வேற யாருக்காவது நடந்திருக்கா?"

முதலில் தையல் ஆசிரியை எழுந்தார். பெற்றவர் ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் குத்தியதைச் சொன்னார். குத்திய தடம் இன்னும் இருக்கிறதாம், துணி போட்டு மூடி வைத்திருக்கிறாராம். போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருத்தி, எல்லோரும் அவளைப் புது டீச்சர் என்பார்கள், எழுந்து நின்றாள். "ஒரு பையனோட அண்ணன் தினமும் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே வர்றான். நானும் ரெண்டு மாசமா வேற வழியா சுத்திப் போறேன். தலைமையாசிரியர்கிட்ட சொன்னேன். நல்ல குடும்பம்மா, சமாதானமா போயிடலாம்னாரு." நூலகர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே அறையில் இத்தனை வருடம் சேர்ந்து டீ குடித்தவர்கள்தான்.

வட்டம் சாரையும் பேசச் சொன்னார்கள். எழுந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னார், கணக்கின் படிகளைச் சொல்வதைப் போல. "அடிச்சாரு. கண்ணாடி விழுந்துச்சு. எடுத்தேன். அடுத்த கணக்குக்குப் போனேன். மறுநாள் கை குடுத்தேன். சாரி சொன்னேன்." அவ்வளவுதான். உட்கார்ந்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தையல் ஆசிரியை எழுந்து போய் ஜன்னலருகே நின்றார்.

வேலைநிறுத்தம் என்று சிலர் சொன்னார்கள். விசில் டீச்சர் வேண்டாம் என்றார். "பிள்ளைங்க படிப்பைக் கெடுத்தாங்கன்னு பழி நம்ம மேல திரும்பும். வேலையை நிறுத்த வேணாம். பாதுகாப்பில்லாத இடத்துல வேலை செய்ய மாட்டோம்னு மட்டும் சொல்லுவோம். மாடி பாதுகாப்பா இல்ல. அதனால மாடிக்குப் போக மாட்டோம்."

அடுத்த திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம் மைதானத்துக்கு இறங்கி வந்தது. மாடி வகுப்புகள் அத்தனையும். கரும்பலகைகளை ஆசிரியர்கள் சுமந்து வந்து சுவரிலும் மரத்திலும் கோல் கம்பத்திலும் சாய்த்தார்கள். ஒரு பக்கம் பெருக்கல் வாய்பாடு, ஒரு பக்கம் செய்யுள், நடுவில் பூமியின் சுழற்சி. காற்றடித்தால் தாள் பறக்கும், பிள்ளைகள் துரத்திப் பிடிப்பார்கள். விளையாட்டுப் பாட வேளைக்கு இடமில்லாததால் விசில் டீச்சர் கேட்டருகே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே வர முயன்ற ஒவ்வொருவரிடமும், "யாரைப் பாக்கணும்? எதுக்கு? கொஞ்சம் இருங்க" என்றார். ஒரு வாசல் காவலர் என்ன செய்வார் என்பதை ஊருக்கே செய்து காட்டினார்.

முதல் நாள் பெற்றோர்கள் கேட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் சிலர் திட்டினார்கள். பிறகு ஒரு பாட்டில் தண்ணீர் வந்தது, யார் வீட்டிலிருந்தோ ஒரு பந்தல் துணி வந்தது. சமாதானம் வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தார். "வெயில்ல பிள்ளைங்க கறுத்துப் போறாங்களே" என்றார். "மாடியில டீச்சருங்க கன்னம் சிவந்து போச்சே சார்" என்று பதில் வந்தது.

வார இறுதிக்குள் கல்வித் துறையிலிருந்து மேலதிகாரி வந்துவிட்டார். களைத்த முகம், கையில் குடை. சமாதானத்தின் அறையில் பேச்சுவார்த்தை நடந்தது. சங்கத்தின் பக்கம் விசில் டீச்சரும் தையல் ஆசிரியையும் வட்டம் சாரும். அதிகாரி வட்டம் சாரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க உடனே யாருக்கும் புகார் பண்ணலையே. ஏன்?"

வட்டம் சார் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாருக்குப் பண்ணணும்னு தெரியாது" என்றார். "பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சா எங்க போகணும்னு அம்புக்குறி போட்டிருக்கு. அடி விழுந்தா எங்க போகணும்னு அம்புக்குறி இல்ல."

அவர் வாதாடுவதற்காக அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் அதிகாரி பேனாவை எடுத்ததைப் பார்த்தேன் என்று தையல் ஆசிரியை பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

முடிவானது இதுதான். வாசலில் ஒருவர் இருப்பார். பள்ளி நேரத்தில் பெற்றோர் யாரும் நேரே வகுப்புக்குப் போகக் கூடாது. கீழ்த்தளத்தில் சந்திப்பதற்கென்று ஓர் அறை, கண்ணாடி வைத்த கதவோடு, இரண்டு பக்கமும் வழியோடு. எந்த ஆசிரியரும் தனியாகச் சந்திக்கத் தேவையில்லை, கூட இன்னொருவர் இருப்பார். மிரட்டலோ அடியோ எது நடந்தாலும் அன்றே பதிவாகும், சங்கத்துக்கும் ஒரு பிரதி வரும். புது டீச்சரின் விஷயத்தைக் காவல் நிலையத்துக்குப் பள்ளியே கொண்டுபோகும். வட்டம் சாரின் விடுப்பு வேலைக் காயத்துக்கான விடுப்பு. காது அறுவைச் சிகிச்சையும் மனநல மருத்துவரும் துறையின் பொறுப்பு. அந்த 'சாரி'யைத் தலைமையாசிரியர் திரும்பப் பெற வேண்டும் என்று விசில் டீச்சர் கடைசியாக ஒன்றைச் சேர்த்தார். "சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப வாங்கறது?" என்று சமாதானம் கேட்டார். "ஊரைக் கூட்டித்தான்" என்றார் விசில் டீச்சர். காலைக் கூட்டத்தில், பிள்ளைகள் அனைவரின் முன்னாலும், வட்டம் சார் மீது எந்தத் தவறும் இல்லை என்று சமாதானம் ஒலிபெருக்கியில் சொன்னார். வட்டம் சார் அப்போது மருத்துவமனையில் இருந்தார்.

ஆசிரியர் அறையில் இது ஒரு சிலேடையாகிவிட்டது. "வட்டம் சார் ஓர் அறை வாங்கினார், நமக்கும் ஓர் அறை வாங்கிக் கொடுத்தார்." அவரிடமே சொல்லிச் சிரித்தார்கள். அவர் தலையசைத்தார்.

செவிப்பறையை ஒட்டுப்போட்டார்கள். முக்கால்வாசி கேட்கும் என்றார்கள். மனநல மருத்துவர் அவரை நிறைய பேச வைக்க முயன்றார். இவருக்குப் பேச எதுவும் அகப்படவில்லை. வாரா வாரம் போனார். அந்த அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இதுவும் காயம்தான். தோல் மரத்துப் போற மாதிரி உள்ளயும் மரத்துப் போகும். அவசரப்படாதீங்க" என்றார் மருத்துவர். அவசரப்பட அவரிடம் ஒன்றும் இல்லை.

விடுப்பு முடிந்து வகுப்புக்குத் திரும்பியபோது, மரக்கடைக்காரர் மகள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் இடம் காலி. பிள்ளைகள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள் என்று வகுப்புத் தலைவி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. "ஏன்?" என்று கேட்டார். "உங்களுக்காகத்தான் சார்" என்றாள் தலைவி, பெருமையோடு.

"எனக்காக அப்படிப் பண்ண வேணாம்" என்றார் வட்டம் சார். "அடிச்சது அவ இல்ல. அவ பாக்கத்தான் செஞ்சா. நீங்களும் பாத்தீங்க." இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அவளுக்கு இரு பக்கமும் உட்காரச் சொன்னார். பரிவு என்று அதைச் சொல்ல முடியாது. அவருக்கு அவள் மீது பரிவும் இல்லை, வெறுப்பும் இல்லை. எது சரி என்பது மட்டும் தெரிந்தது, மீதியை எங்கோ வைத்துவிட்டு மறந்ததைப் போல இருந்தது. அந்தப் பெண் அந்த வருடம் முழுக்க அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆனால் கணக்கில் தேறினாள், தானாகவே எழுதி.

மரக்கடைக்காரர் பிறகு பள்ளிக்கு ஒரே ஒருமுறை வந்தார். வாசலில் நிறுத்தினார்கள். கீழ்த்தள அறையில் உட்கார வைத்தார்கள். வட்டம் சாரும் நூலகரும் எதிரே உட்கார்ந்தார்கள். "அன்னைக்குக் கடையில ஒரு பெரிய தகராறு சார். அந்தக் கோபத்தோட வந்துட்டேன். வீட்டுல இன்னும் பொண்ணு எங்கிட்ட சரியா பேச மாட்டேங்குது" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, அதைச் சுற்றிச் சுற்றியே வந்தார். வட்டம் சார் அவர் முடிக்கும்வரை கேட்டார், வலது காதைக் கொடுத்து. "சரிங்க" என்றார். மகளின் மதிப்பெண்ணைக் காட்டினார். அவர் போன பிறகு, "எப்படி சார் இருந்துச்சு?" என்று நூலகர் மெதுவாகக் கேட்டார். "யாரோ ஒருத்தர் வந்துட்டுப் போன மாதிரி" என்றார்.

சங்கம் அவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருக்கச் சொன்னது. மறுக்கவும் தோன்றாததால் ஒத்துக்கொண்டார். வேலையைக் கணக்குப் போலவே செய்தார். கைப்பிடி ஆடும் படிகள், ஆய்வகத்தில் சுழலாத காற்றாடி, தொண்டை கட்டிப்போன ஆசிரியருக்கு ஒலிவாங்கி, பூட்ட முடியாத பெண்கள் கழிவறைக் கதவு. ஒன்று விடாமல் பார்த்தார், விடாமல் கேட்டார். அவருக்கு வெட்கமோ தயக்கமோ வராதது இதற்கு வசதியாகவே இருந்தது. சமாதானம் அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு வராந்தாவில் திரும்பிவிடுவார்.

இப்படி ஒரு வருடம் போயிருக்கும். ஒரு மத்தியானம் புது டீச்சர், ஒரு பெற்றோரைச் சந்திக்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டாள். இருவரும் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். கதவு பாதிதான் திறந்தது. அறைக்குள் உடைந்த பெஞ்சுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. பின்பக்க வழி அடைபட்டிருந்தது. கண்ணாடியில் யாரோ பழைய தேர்வு அட்டவணையை ஒட்டியிருந்தார்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி. சந்திக்க வந்த பெற்றோர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

வட்டம் சார் சமாதானத்தின் அறைக்குப் போனார்.

"பெஞ்சு வைக்க வேற இடமில்ல சார்" என்றார் சமாதானம். "இப்பதான் பிரச்சனை ஒண்ணும் வரலையே. கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணி, சமாதானமா..."

"எடுங்க" என்றார் வட்டம் சார்.

"என்னது?"

"அந்த பெஞ்சை எல்லாம் எடுங்க!"

அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்தக் குரலை அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. "பிரச்சனை வரலைன்னா அந்த அறை இருக்கிறதாலதான் வரலை! அது உங்க குடோன் இல்ல! அந்த அறைக்கு எங்க ஆளுங்க வெயில்ல நின்னாங்க! அந்தப் புது டீச்சர் பொண்ணு இப்ப ஒத்தையா வராந்தாவுல நிக்குது, தெரியுமா? ஏதாவது ஆச்சுன்னா மறுபடி டீ வாங்கிக் குடுப்பீங்களா? எடுங்கன்னா எடுங்க!"

மேசையைத் தட்டினார். பேனாக்கூடு கவிழ்ந்தது. சமாதானம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, எழுந்து, கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு மைதானத்திலிருந்து வந்த விசில் டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாலை மணி அடிப்பதற்குள் பெஞ்சுகள் வெளியே போய்விட்டன. வட்டம் சாரும் இரண்டு தூக்கினார். புது டீச்சர் அந்தப் பெற்றோரை அங்கேயே சந்தித்தாள். பிள்ளைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்பதுதான் விஷயம். ஐந்தே நிமிடத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

வீட்டுக்குப் போனதும் வட்டம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையைத் தட்டிய கை சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி காய் நறுக்கியபடி, "என்ன ஆச்சு?" என்றார்.

"இன்னைக்கு ஒருத்தரைப் பாத்துக் கத்திட்டேன்."

"யாரை?"

"ஹெட்மாஸ்டரை."

காய் நறுக்கும் கத்தி நின்றது. "நீங்களா? கத்தினீங்களா?"

"ஆமா. மேசையைத் தட்டினேன்."

"எதுக்கு?"

"பெஞ்சுக்கு."

மனைவி அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "பெஞ்சுக்கா? இத்தனை நடந்ததுக்கும் வராத கோபம், பெஞ்சுக்கா?" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார், துடைத்தார். வட்டம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. மனைவி சிரித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.